தனிக் கவனம் வேறு, தரம் பிரித்தல் வேறு

கல்வி ஒவ்வொரு மாணவரின் தேவைக்கும் விருப்பத்துக்கும் ஏற்ப அமைய வேண்டும் என்ற முழக்கம் இன்று பல திசைகளிலிருந்தும் கேட்கிறது. 2020 ஜூலை 29 அன்று ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த தேசியக் கல்விக் கொள்கை, ஒவ்வொரு மாணவரின் தனித்திறனைக் கண்டறிந்து வளர்ப்பதையே தன் அடிப்படைக் கோட்பாடுகளில் முதலாவதாக வைத்துள்ளது. தலைநகர் தில்லியில் அடுத்தடுத்து ஆட்சிக்கு வந்த இரு கட்சிகளும் திறனுக்கேற்ற பள்ளி என்ற பெயரில் தனிவகைப் பள்ளிகளைத் திறந்துள்ளன. செல்பேசிச் செயலிகள் மூலம் பாடம் விற்கும் நிறுவனங்களின் விளம்பரங்களும் இதையே சொல்கின்றன. ஆட்சியாளர்களும் முதலாளிகளும் ஒரே குரலில் ஒரு முழக்கத்தை எழுப்பும்போது, உழைக்கும் மக்களின் இயக்கம் அதைக் கூர்ந்து ஆராய வேண்டியுள்ளது.

இந்த முழக்கத்துக்கு இரண்டு எளிய எதிர்வினைகள் உண்டு. இது தனிநபர்வாதம், நவீன தாராளமயத்தின் சரக்கு என்று சொல்லி முற்றாக ஒதுக்குவது ஒன்று. இது நவீனக் கல்வியியல், எனவே முற்போக்கானது என்று அப்படியே ஏற்றுக்கொள்வது மற்றொன்று. இரண்டுமே தவறானவை. குழந்தையின் நிலையறிந்து கற்பிக்க வேண்டும் என்பது உழைக்கும் மக்களின் நியாயமான கோரிக்கை. ஆனால் அதைச் சாக்காகக் கொண்டு குழந்தைகளைத் தரம் பிரித்து, வெவ்வேறு வகுப்பறைகளுக்கும் வெவ்வேறு பள்ளிகளுக்கும் அனுப்புவது, சமூகத்தின் வர்க்கப் பிரிவினையைப் பள்ளியின் வாசலுக்குள் கொண்டுவந்து நிறுத்துவதாகும். கடந்த பத்தாண்டுகளில் தில்லி கண்ட அனுபவம் இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகிறது.

கோரிக்கை ஏன் நியாயமானது?

தில்லி அரசுப் பள்ளிகளில் 2015–16 கல்வியாண்டில் 9ஆம் வகுப்பு எழுதிய மாணவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் தேர்ச்சி பெறவில்லை. மறு ஆண்டு 6ஆம் வகுப்பு மாணவர்களிடம் நடத்தப்பட்ட மதிப்பீட்டில் அதன் காரணம் வெளிப்பட்டது. 74 விழுக்காட்டினரால் தம் சொந்த இந்திப் பாடநூலிலிருந்து ஒரு பத்தியைப் படிக்க இயலவில்லை. 46 விழுக்காட்டினரால் 2ஆம் வகுப்பு அளவிலான எளிய கதையைக்கூடப் படிக்க இயலவில்லை. இவர்கள் அனைவரும் ஐந்து ஆண்டுகள் பள்ளிக்கு வந்து சென்ற குழந்தைகள்.

இக்குழந்தைகள் யார்? ரிக்ஷா ஓட்டுவோர், கட்டுமானத் தொழிலாளர்கள், வீட்டுவேலை செய்யும் பெண்கள், ஓக்லாவிலும் வசீர்பூரிலும் சிறு ஆலைகளில் உழைப்போர் ஆகியோரின் பிள்ளைகள். பீகாரிலிருந்தும் உத்தரப்பிரதேசத்திலிருந்தும் பிழைப்பு தேடி வந்த குடும்பங்களின் முதல் தலைமுறைக் கற்போர். வசதியுள்ள வீட்டுக் குழந்தை வகுப்பில் புரியாததை வீட்டில் தாயிடமோ தனிப்பயிற்சி ஆசிரியரிடமோ கேட்டுத் தெரிந்துகொள்கிறது. அதற்குத் தனிக் கவனம் பிறப்பிலேயே கிடைத்துவிடுகிறது. தொழிலாளியின் குழந்தைக்கு வகுப்பறையைத் தவிர வேறு வாய்ப்பு இல்லை. அந்த வகுப்பறையில் ஆசிரியர் பாடத்திட்டத்தை முடிக்கும் வேகத்தில் சென்றுவிட்டால், அக்குழந்தை வருகைப் பதிவேட்டில் இருக்கிறது, கல்வியில் இல்லை.

தில்லியில் 619 நடுநிலை, உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் 2015-இல் நடத்தப்பட்டு, 2019-இல் அமெரிக்கப் பொருளாதார ஆய்விதழ் ஒன்றில் வெளியான ஆய்வும் இதையே காட்டியது. 6ஆம் வகுப்பு மாணவர் கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்புகள் பின்தங்கி இருந்தார். 9ஆம் வகுப்பில் அந்த இடைவெளி நான்கு வகுப்புகளைத் தாண்டியது. எல்லாருக்கும் ஒரே பாடம், ஒரே வேகம் என்ற ஏற்பாடு பார்வைக்குச் சமத்துவமாகத் தோன்றினாலும், ஆண்டுக்காண்டு ஏற்றத்தாழ்வைப் பெருக்குகிறது.

மார்க்சியர்களுக்கு இது வியப்பளிக்கக்கூடிய செய்தி அல்ல. சமமற்ற நிலையில் உள்ள மனிதர்கள் மீது ஒரே அளவுகோலை வைத்தால் விளைவது சமத்துவமின்மையே என்பதை 1875-இல் கோதா திட்டத்தின் மீதான விமர்சனத்தில் மார்க்ஸ் எடுத்துக்காட்டினார். இன்றைய சமுதாயத்தில் எல்லா வர்க்கத்தினருக்கும் கல்வி சமமாக இருக்க முடியுமா என்ற கேள்வியையும் அவர் அங்கேயே எழுப்பினார். தேவைக்கேற்ப என்ற சொல் தொழிலாளி வர்க்க இயக்கத்தின் சொந்தச் சொல். அதைக் கல்வி வணிகர்களிடம் கைவிட வேண்டியதில்லை.

தில்லி அரசு செய்தது என்ன?

நோயை அன்றைய ஆம் ஆத்மி அரசு மறைக்காமல் வெளியே சொன்னது. அரசின் வரவுசெலவுத் திட்டத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கல்விக்கு ஒதுக்கியது. பள்ளிக் கட்டடங்கள் மேம்பட்டன. இவற்றை ஒப்புக்கொண்டே, அது தேர்ந்தெடுத்த மருந்தை விமர்சிக்க வேண்டும்.

2016-இல் 'சுனௌத்தி 2018' என்ற திட்டம் தொடங்கப்பட்டது. சுனௌத்தி என்றால் அறைகூவல். 6 முதல் 9 வரையிலான வகுப்புகளின் மாணவர்கள் வாசிப்பிலும் கணக்கிலும் சோதிக்கப்பட்டு, முடிவுகளுக்கேற்பத் தனித்தனிப் பிரிவுகளாக்கப்பட்டனர். நன்கு படிப்போர் 'பிரதிபா' பிரிவிலும், பின்தங்கியோர் 'நிஷ்டா', 'நியோ நிஷ்டா' பிரிவுகளிலும் அமர்த்தப்பட்டனர். 9ஆம் வகுப்பில் மீண்டும் மீண்டும் தோற்றவர்களுக்கு 'விஸ்வாஸ்' என்ற பிரிவு அமைக்கப்பட்டு, அவர்கள் பத்ராச்சார் வித்யாலயா என்னும் அஞ்சல்வழிப் பள்ளியின் கணக்கில் சேர்க்கப்பட்டனர். பின்னர் 9ஆம் வகுப்பில் தோற்றவர்கள் தேசிய திறந்தநிலைப் பள்ளிக்கும் திருப்பிவிடப்பட்டனர்.

பிரதிபா என்றால் திறமை. விஸ்வாஸ் என்றால் நம்பிக்கை. பெயர்கள் அழகானவை. ஆனால் தான் எந்தப் பிரிவில் அமர்த்தப்பட்டிருக்கிறோம், ஏன் அங்கே அமர்த்தப்பட்டோம் என்பது பதினொரு வயதுக் குழந்தைக்கு நன்றாகத் தெரியும். ஆசிரியருக்கும் தெரியும், அவரது எதிர்பார்ப்பும் அதற்கேற்பத் தாழும். படிக்கத் தெரிந்த தோழியின் அருகில் அமர்ந்து அவளைப் பார்த்துக் கற்கும் வாய்ப்பு பின்தங்கிய குழந்தைக்கு இல்லாமல் போகிறது. முறையான பள்ளியில் படித்தே தேற முடியாத குழந்தையை, தானே படித்துத் தேற வேண்டிய அஞ்சல்வழிக்கும் திறந்தநிலைக்கும் அனுப்புவதில் என்ன கல்வியியல் இருக்கிறது? அவ்வாறு வெளியேறியவர்கள் பள்ளியின் 10ஆம் வகுப்புத் தேர்ச்சிக் கணக்கில் வருவதில்லை என்பதுதான் இந்த ஏற்பாட்டின் நடைமுறைப் பயன். தேர்ச்சி விழுக்காடு உயர்கிறது. குழந்தை காணாமல் போகிறது.

பிரச்சனையின் வேரை அரசு தொடவில்லை. தில்லியின் பல அரசுப் பள்ளிகளில் ஒரே கட்டடத்தில் காலையில் சிறுமிகளும் மதியத்துக்குப் பின் சிறுவர்களும் படிக்கிறார்கள். வடகிழக்கு தில்லியின் உழைக்கும் மக்கள் வாழும் பகுதிகளில் வகுப்பறை நெரிசல் ஆண்டுதோறும் செய்தியாகிறது. 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் 35 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் அளவு. நெரிசல் மிக்க பள்ளிகளில் அது ஏட்டில்தான் இருக்கிறது. வகுப்புகளைத் தாங்கி நிற்பதில் பெரும்பங்கு, வேலைசெய்யும் நாளுக்கு மட்டும் கூலி பெறும் தற்காலிக ஆசிரியர்களுடையது. கோடை விடுமுறையில் அவர்களுக்கு ஊதியம் இல்லை. அடுத்த ஆண்டு எந்தப் பள்ளியில் இருப்போம் என்று தெரியாத ஆசிரியரால், ஒரு குழந்தையின் வளர்ச்சியை ஆண்டுக்கணக்கில் எப்படித் தொடர முடியும்?

திறமைக்கு ஒரு பள்ளி, மற்றவர்க்கு ஒரு பள்ளி

பின்தங்கியோரைப் பிரித்ததன் மறுபக்கம், முன்னணியில் உள்ளோரைப் பிரித்தெடுப்பது. 2021-இல் தில்லி அரசு 'சிறப்புத்திறன் பள்ளிகள்' என்ற வகையைத் தொடங்கியது. அறிவியல் மற்றும் தொழில்நுட்பம், மானுடவியல் துறைகள், நிகழ்த்துகலை மற்றும் காட்சிக்கலை, உயர்நிலைத் திறன்கள் என ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு துறை. 9ஆம் வகுப்பில் நுழைவுத் தேர்வு. மாணவரின் நாட்டத்துக்கு ஏற்ற கல்வி என்பதே இதற்குச் சொல்லப்பட்ட நியாயம். 2022-இல் இப்பள்ளிகளுக்கு அம்பேத்கரின் பெயர் சூட்டப்பட்டது. தகுதியின் பெயரால் கதவடைப்பதை வாழ்நாள் முழுதும் எதிர்த்தவரின் பெயர், நுழைவுத் தேர்வு எழுதித்தான் நுழைய முடியும் என்ற பள்ளிகளுக்கு வைக்கப்பட்டது ஒரு முரண்.

2025 பிப்ரவரியில் தில்லியில் பாஜக ஆட்சிக்கு வந்தது. முந்தைய அரசின் கல்விக் கொள்கையைக் கடுமையாகத் தாக்கி வந்த அக்கட்சி, இந்த ஒன்றை மட்டும் கைவிடவில்லை. மேலும் கீழே கொண்டு சென்றது. சி.எம். ஸ்ரீ என்ற பெயரிலான பள்ளிகளில் 6, 7, 8 ஆகிய வகுப்புகளுக்கே நுழைவுத் தேர்வு நடத்தப்பட்டது. கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, சேர்க்கையின்போது குழந்தையைச் சோதித்து வடிகட்டுவதைத் தடை செய்கிறது. 'குறிப்பிட்ட வகைப் பள்ளிகள்' என்று சட்டத்தில் உள்ள வகைப்பாட்டைக் காட்டி அரசுகள் இத்தடையைத் தாண்டுகின்றன. கேந்திரிய வித்யாலயா, நவோதயா போன்றவற்றை மனத்தில் கொண்டு வைக்கப்பட்ட அந்தச் சிறு சன்னல், இப்போது பெருவாசலாக அகற்றப்படுகிறது.

இங்கே விருப்பம் என்ற சொல்லையும் சற்று ஆராய வேண்டும். பத்து வயதில் ஒரு குழந்தையின் விருப்பம் எங்கிருந்து வருகிறது? வயலினைப் பார்த்தறியாத குழந்தை இசையில் நாட்டம் உண்டு என்று எப்படிச் சொல்லும்? ஆய்வுக்கூடத்துக்குள் கால் வைக்காத சிறுமி அறிவியலில் ஆர்வம் காட்டவில்லை என்று எதை வைத்து முடிவு செய்வது? விருப்பம் என்பது குழந்தை கண்டதிலிருந்தும் தொட்டதிலிருந்தும் பிறப்பது. எல்லாருக்கும் எல்லாவற்றையும் காட்டுவதுதான் பொதுப்பள்ளியின் வேலை. அந்த வேலையைச் செய்யுமுன்பே விருப்பத்தை அளந்து தடம் பிரித்தால், அளக்கப்படுவது குழந்தையின் விருப்பம் அல்ல, பெற்றோரின் வருமானமும் சாதியும்தான்.

தமிழகம் அறிந்த பழைய பாடம்

தமிழக உழைக்கும் மக்களுக்கு இந்த வாதம் புதியதல்ல. 1953-இல் சென்னை மாநில முதல்வராக இருந்த ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில், கிராமப்புறக் குழந்தைகளுக்குப் பள்ளி நேரம் மூன்று மணியாகக் குறைக்கப்பட்டது. மீதி நேரத்தில் அவர்கள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்றார்கள். வாழ்க்கையோடு இணைந்த கல்வி, ஏட்டுச்சுமை குறைந்த கல்வி, குழந்தையின் சூழலுக்கேற்ற கல்வி என்பனவே அன்று சொல்லப்பட்ட காரணங்கள். மக்கள் அதைக் குலக்கல்வி என்று சரியாகவே பெயரிட்டு எதிர்த்தார்கள். திராவிட இயக்கத்தோடு கம்யூனிஸ்ட்டுகளும் அதை எதிர்த்தார்கள். 1954-இல் ராஜாஜி பதவி விலகினார். காமராசர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது.

குழந்தைக்கு ஏற்றது எது என்று முடிவு செய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதே அன்றைய கேள்வி. இன்றும் அதுவே கேள்வி. தேசியக் கல்விக் கொள்கை 6ஆம் வகுப்பிலிருந்தே தொழிற்கல்வி என்கிறது. உடலுழைப்பை அறிவது எல்லாக் குழந்தைகளுக்கும் நல்லது. இடதுசாரிகள் அதை எப்போதும் வலியுறுத்தி வந்துள்ளனர். ஆனால் தில்லியின் வசந்த் விகாரில் படிக்கும் குழந்தை பத்து நாள் பொழுதுபோக்காக மட்பாண்டம் வனைந்துவிட்டுப் பொறியியலுக்குச் செல்லும். சீலம்பூரின் குழந்தைக்கு அதே தொழிற்பாடம் 8ஆம் வகுப்போடு வெளியேறும் வழியாகும். 2024 டிசம்பர் 16 அன்று ஒன்றிய அரசு 5, 8 ஆகிய வகுப்புகளில் மாணவர்களை நிறுத்திவைக்க வழிசெய்து வெளியிட்ட அறிவிக்கையையும் இதோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

இத்தாலியில் 1923-இல் முசோலினியின் அரசு கொண்டுவந்த கல்விச் சீர்திருத்தத்தை அந்தோனியோ கிராம்ஷி சிறையிலிருந்து ஆராய்ந்தார். தொழிற்பள்ளிகள் பலவகையாகப் பெருகுவது ஜனநாயகமாகத் தோன்றினாலும், அவை ஒவ்வொரு வர்க்கத்தின் குழந்தையையும் அந்தந்த வர்க்கத்திலேயே நிறுத்திவைக்கின்றன என்பது அவரது முடிவு. அறிவுழைப்பையும் உடலுழைப்பையும் இணைத்த ஒரே பொதுப்பள்ளியையே அவர் மாற்றாக வைத்தார்.

உயர்கல்வியிலும் இதே தடம்தான். தில்லிப் பல்கலைக்கழகத்தில் 2013-இல் நான்காண்டு இளநிலைப் பட்டம் திணிக்கப்பட்டது. மாணவர்களும் ஆசிரியர்களும் போராடியதன் விளைவாக 2014 ஜூனில் அது திரும்பப் பெறப்பட்டது. 2022–23 கல்வியாண்டில் தேசியக் கல்விக் கொள்கையின் பெயரால் அது மீண்டும் வந்தது. ஓராண்டில் வெளியேறினால் சான்றிதழ், ஈராண்டில் பட்டயம், மூன்றாண்டில் பட்டம். இது மாணவரின் விருப்பத் தேர்வு என்கிறார்கள். கட்டணமும் அறை வாடகையும் கொடுக்க முடியாமல் ஓராண்டில் ஊர் திரும்பும் மாணவியின் வெளியேற்றத்துக்கு விருப்பம் என்று பெயர் சூட்டுவதைவிடக் கொடிய கேலி வேறில்லை.

சந்தையின் 'தனிக் கவனம்'

மாணவருக்கேற்ற கல்வியை ஆசிரியரைவிடச் செயலியும் செயற்கை நுண்ணறிவும் சிறப்பாகத் தரும் என்று இன்று சொல்லப்படுகிறது. கல்விக்கான செயற்கை நுண்ணறிவு மையத்துக்கு 2025 ஒன்றிய வரவுசெலவுத் திட்டத்தில் 500 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. அதே ஒன்றிய அரசுதான், பி.எம். ஸ்ரீ திட்டத்தில் கையெழுத்திட மறுத்ததற்காகத் தமிழ்நாட்டுக்குரிய சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாயைத் தராமல் நிறுத்தியது. குழந்தைக்கேற்ற கல்வி பேசும் அரசுக்கு, ஒரு மாநிலம் தன் குழந்தைகளுக்கேற்ற பாதையைத் தேர்ந்தெடுப்பது பொறுக்கவில்லை.

மேற்சொன்ன தில்லி ஆய்வு, கணினி மென்பொருள் ஒன்று மாணவரின் நிலையறிந்து கற்பித்ததால் கிடைத்த முன்னேற்றத்தை அளந்தது. நான்கரை மாதங்களில் கணிதத்திலும் இந்தியிலும் மாணவர்கள் குறிப்பிடத்தக்க அளவு முன்னேறினர். இதை மறுக்கத் தேவையில்லை. ஆனால் அந்த மையங்களில் நாள்தோறும் 90 நிமிடங்கள் கற்பிக்கப்பட்டது; அதில் பாதி நேரம்தான் கணினியில். மீதிப் பாதி நேரம் சிறு குழுவாக அமர்ந்த மாணவர்களுக்கு ஒரு மனிதர் கற்பித்தார். விளம்பரங்கள் முதல் பாதியை மட்டும் சொல்கின்றன. கருவி ஆசிரியருக்குத் துணையாகலாம். ஆசிரியர் பணியிடத்தை ஒழிக்கும் சாக்காகக் கூடாது. 2022-இல் 2,200 கோடி டாலர் மதிப்புள்ளதாகப் பேசப்பட்ட பைஜூஸ் நிறுவனம் 2024 ஜூலையில் நொடிப்பு நடவடிக்கைக்குள் சென்றது. அரசுப் பள்ளிக்கு மாற்றாகச் சந்தையை நம்பச் சொல்வோர் அதை மறந்துவிடக் கூடாது.

ஒரு குழந்தையின் உண்மையான தேவை

தேவை என்றால் என்ன என்பதைத் தில்லித் தமிழர்களின் அண்மைக்கால அனுபவம் ஒன்று உணர்த்துகிறது. ஜங்புரா அருகே பாராபுல்லா வடிகால் ஓரம் பல பத்தாண்டுகளாகத் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த மதராஸி முகாம், 2025 ஜூன் 1 அன்று புல்டோசர்களால் இடிக்கப்பட்டது. சுமார் 370 குடியிருப்புகள் தரைமட்டமாயின. மாற்று வீட்டுக்குத் தகுதியுடையோர் என ஏற்கப்பட்டவர்களுக்கு நகரின் வடகோடியில், சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள நரேலாவில் வீடு. பல குடும்பங்களுக்கு அதுவும் இல்லை.

தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் தலைநகரில் ஏழு பள்ளிகளை நடத்துகிறது. வீட்டுவேலை செய்யும் தமிழ்ப் பெண்ணின் குழந்தை தாய்மொழியையும் கற்று மேலே படிக்க இத்தகைய பள்ளி எட்டும் தொலைவில் இருப்பதே முதல் தேவை. கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவும் இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்கச் சொல்கிறது. முகாமை இடித்தபோது அக்குழந்தைகளின் கற்றல் நிலை எது, நாட்டம் எது என்று எந்த அலுவலரும் கேட்கவில்லை. வீடும் பள்ளியும் வழித்தடமும் சத்துணவும் தாய்மொழியும் தேவைகளின் பட்டியலில் இல்லாத 'தனித்தேவைக் கல்வி' எத்தகையது என்பதை அந்த இடிபாடு சொல்லிவிட்டது.

மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகள் நிலையும் இதுவே. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அனைவரையும் உள்ளடக்கிய கல்வியை உறுதி செய்கிறது. தொடக்க நிலையில் சிறப்புத் தேவையுள்ள 10 குழந்தைகளுக்கும், அதற்கு மேல் 15 குழந்தைகளுக்கும் ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என 2021 அக்டோபரில் உச்சநீதிமன்றம் அளவு வகுத்தது. தனிக்கவனத்தில் உண்மையான அக்கறை உள்ள அரசு, இந்தப் பணியிடங்களை நிரந்தரமாக நிரப்புவதிலிருந்து தொடங்கியிருக்கும்.

பிரிக்காமல் கவனிக்க முடியும்

தரம் பிரிக்காமல் ஒவ்வொரு குழந்தையையும் கவனிப்பது நடைமுறைக்கு ஒவ்வாத கனவு என்று சிலர் கருதலாம். அனுபவம் வேறுவிதமாக உள்ளது. அரியானா அரசுப் பள்ளிகளில் 2012–13-இல் நாளில் ஒரு மணி நேரம் மட்டும் குழந்தைகள் கற்றல் நிலைக்கேற்பக் குழுக்களாக அமர்த்தப்பட்டனர். அவர்களின் மொழித்திறன் உயர்ந்தது. அந்த ஒரு மணி நேரம் முடிந்ததும் எல்லாரும் தம் வகுப்புக்கே திரும்பினர். தற்காலிகக் குழுவுக்கும் நிரந்தரப் பிரிவுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். தமிழ்நாட்டில் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலில் குழந்தைகள் ஒரே அறையில் அமர்ந்து அவரவர் வேகத்தில் அட்டைகளைக் கொண்டு முன்னேறினர். 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகள் ஒரே வகுப்பறைக்குள்தான் உள்ளன. பதிவேற்றச் சுமை கற்பித்தலைத் தின்கிறது என்ற ஆசிரியர் சங்கங்களின் குறை சரிசெய்யப்பட வேண்டியதே. எனினும் திசை கவனிக்கத்தக்கது.

உலக அனுபவமும் உடன்படுகிறது. இங்கிலாந்தில் 1944-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் 11 வயதில் தேர்வு வைத்துக் குழந்தைகளை வெவ்வேறு பள்ளிகளுக்கு அனுப்பினர். தொழிலாளர் குழந்தைகளே பெரும்பாலும் கீழ்த்தடத்தில் விழுந்தனர்; 1965-இல் தொழிற்கட்சி அரசு பொதுப்பள்ளிகளை நோக்கித் திரும்பியது. பின்லாந்து 1970-களில் இருதடப் பள்ளிமுறையை ஒழித்து ஒரே பொதுப்பள்ளியை அமைத்தது. 1985-இல் வகுப்புக்குள் நடந்த திறன்பிரிப்பையும் நீக்கியது. பின்தங்கும் குழந்தைக்கு அங்கே கூடுதல் ஆசிரியர் வகுப்புக்கு வருகிறார்.

சோசலிச முகாமின் அனுபவத்தையும் நேர்மையோடு பார்க்க வேண்டும். சோவியத் ஒன்றியத்தில் அறிவுத்திறன் சோதனைகளால் தொழிலாளர், விவசாயிகளின் குழந்தைகள் பெருமளவில் தனிப் பள்ளிகளுக்கு ஒதுக்கப்பட்டதை எதிர்த்து 1936 ஜூலை 4 அன்று கட்சி ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. நோக்கம் சரியானது. ஆனால் அந்த வேகத்தில் குழந்தை உளவியல் ஆய்வுகளும் சேர்த்தே அடைக்கப்பட்டன. சிந்தனையாளர் வைகோத்ஸ்கியின் எழுத்துகள் அவர் மறைந்து இரண்டு பத்தாண்டுகளுக்குப் பின் 1956-இல்தான் மீண்டும் அச்சேறின. குழந்தை இன்று தனியாகச் செய்ய முடியாததை, தன்னைவிடத் தேர்ந்தவரின் துணையோடு செய்து, நாளை தனியாகச் செய்யும் என்பதே அவரது முக்கியமான கண்டுபிடிப்பு. தரம் பிரித்தலுக்கு எதிரான வலுவான அறிவியல் வாதம் அவரிடமே இருந்தது. தரம் பிரித்தலை எதிர்க்கும்போது தனிக்குழந்தையைப் பற்றிய அறிவியலையும் சேர்த்து எதிர்த்துவிடக் கூடாது என்பது அந்த வரலாறு தரும் எச்சரிக்கை.

போராட்டத்துக்குரிய கோரிக்கைகள்

சட்டமே ஒரு பிடிமானத்தைத் தந்துள்ளது. ஒவ்வொரு குழந்தையின் கற்றல் திறனையும் மதிப்பிட்டு, தேவையான கூடுதல் கற்பித்தலை அளிப்பது ஆசிரியரின் கடமை என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு. அந்தக் கடமையை ஆசிரியர் நிறைவேற்றத் தேவையான நிலைமையை உருவாக்குவது அரசின் கடமை. எனவே கோரிக்கைகள் தெளிவானவை. காலிப் பணியிடங்கள் அனைத்தையும் நிரந்தர ஆசிரியர்களைக் கொண்டு நிரப்ப வேண்டும். நீண்ட காலம் பணியாற்றும் தற்காலிக ஆசிரியர்களை நிரந்தரமாக்க வேண்டும். வகுப்பின் அளவு சட்டத்தின் வரம்பைத் தாண்டக் கூடாது. கற்பித்தல் அல்லாத வேலைகள் ஆசிரியர் மீது சுமத்தப்படக் கூடாது. 8ஆம் வகுப்பு வரை எந்த அரசுப் பள்ளியிலும் நுழைவுத் தேர்வு கூடாது. 'குறிப்பிட்ட வகை' என்ற விலக்கு நீக்கப்பட வேண்டும். சிறப்புப் பள்ளிகளுக்கு ஒதுக்கப்படும் ஆய்வுக்கூடமும் இசை ஆசிரியரும் விளையாட்டுத் திடலும் எல்லாப் பள்ளிகளுக்கும் வேண்டும். 1964–66 கோத்தாரி ஆணையம் பரிந்துரைத்த பொதுப்பள்ளி முறையும், தேசிய வருமானத்தில் 6 விழுக்காடு கல்விச் செலவும் அறுபதாண்டுகளாக நிறைவேறாமல் கிடக்கின்றன. அவற்றை மீண்டும் போராட்டத்தின் நடுவே கொண்டுவர வேண்டும்.

கட்சி உறுப்பினர்களுக்குக் கோரிக்கை எழுப்புவதற்கு அப்பாலும் பணி உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பது சட்டம். பெரும்பாலான ஊர்களில் அக்குழுக்கள் கையெழுத்தோடு முடிந்துவிடுகின்றன. கிளைகள் அக்குழுக்களை உயிர்ப்பிக்க வேண்டும். தம் பகுதிப் பள்ளியில் எத்தனை குழந்தைகள் பத்தி படிக்க இயலாமல் இருக்கிறார்கள், எத்தனை ஆசிரியர் இடங்கள் காலி, 9ஆம் வகுப்போடு பள்ளியிலிருந்து மறைந்தவர்கள் யார் யார் என்பது ஒவ்வொரு கிளைக்கும் தெரிந்திருக்க வேண்டும். மாணவர், வாலிபர், மாதர் அமைப்புகள் மாலை நேரக் கற்றல் மையங்களைத் தொடங்கலாம். ஆனால் அவை அரசின் பொறுப்பைத் தம் தலையில் ஏற்றுக்கொள்ளும் தொண்டாகச் சுருங்காமல், பெற்றோரைத் திரட்டும் களமாக வேண்டும். ஆசிரியர் சங்கங்களும் பணிநிலைக் கோரிக்கைகளோடு குழந்தைகளின் கற்றலையும் தம் பதாகையில் எழுதும்போதுதான், பெற்றோரும் ஆசிரியரும் எதிரெதிர் அணிகளாக நிறுத்தப்படுவதை முறியடிக்க முடியும்.

தில்லியில் 2016-இல் பத்தி படிக்க இயலாமல் இருந்த குழந்தைகள் இன்று இருபது வயதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களில் பலர் உணவு விநியோக வண்டிகளிலும் கட்டுமானத் தளங்களிலும் ஒப்பந்தக் கூலிகளாக இருக்கிறார்கள். அந்தத் தலைமுறையிடம் நாட்டம் எது என்று எவரும் உண்மையாகக் கேட்கவில்லை. இப்போது 1ஆம் வகுப்பில் அமர்ந்திருக்கும் அவர்களின் தம்பி தங்கைகளுக்கும் அதே தீர்ப்பு எழுதப்படுவதைத் தடுக்கும் கடமை இடதுசாரி இயக்கத்துக்கு உண்டு. ஒரே கூரையின் கீழ், ஒரே வரிசையில், ஒருவர்கூட விடுபடாமல் கற்பிக்கப்பட வேண்டும் என்பதே அவர்களுக்கான கோரிக்கை.